பலவரியானி வழக்கு: ஒரு மொழிபெயர்ப்பாளரிடமிருந்து பறிபோன நூல்

1048ஆம் ஆண்டு. கான்ஸ்டாண்டிநோபிளில் நெடுங்காலம் வாழ்ந்த, பெயர் தெரியாத ஒருவர், 'பர்லாமும் இயோவாசாபும்' என்ற கிரேக்கக் கதைநூலை லத்தீனில் பெயர்த்தார். இந்திய இளவரசன் ஒருவன் அரண்மனையைத் துறந்து காட்டுக்குப் போகும் கதை அது; அதன் ஜார்ஜிய மூலத்தின் பெயர் பலவரியானி. இந்தக் கதையைக் கிரேக்க மொழிக்குக் கொண்டுவந்தவர் அப்காசிய இனத்தைச் சேர்ந்த எப்திமியுஸ் என்ற துறவி என்று தம் முன்னுரையில் அவர் எழுதிவைத்தார். அந்தத் துறவி இறந்து அப்போது இருபது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவரை நேரில் கண்டவர்கள் அந்த நகரத்தில் இன்னும் உயிரோடு இருந்திருப்பார்கள்.

இவ்வளவு தெளிவான சாட்சியம் இருந்தும், அடுத்த ஒன்பது நூற்றாண்டுகளுக்கு அந்த நூல் வேறொருவர் பெயரில் உலாவியது. எட்டாம் நூற்றாண்டின் பெரிய இறையியலாளரான டமாஸ்கஸ் யோவான்தான் ஆசிரியர் என்று ஐரோப்பா முழுவதும் நம்பியது. அச்சுப் பதிப்புகள் அவர் பெயரைத் தாங்கின. நூலகப் பட்டியல்களும் அப்படியே எழுதிக்கொண்டன. உண்மையான உரிமையாளர், ஜார்ஜியர்கள் எக்விதிமே என்றும் கிரேக்கர்கள் எப்திமியோஸ் என்றும் அழைக்கும், கிரேக்க நாட்டில் மடங்கள் நிறைந்த அதோஸ் மலையின் துறவி. 'அப்காசியர்' என்ற சொல் நம்மைக் குழப்ப வேண்டியதில்லை. அந்நாளில் ஜார்ஜிய அரசர்களின் பட்டங்களில் முதலாவதே 'அப்காசியர்களின் அரசர்' என்பதுதான். கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியர்கள் ஜார்ஜியர்களை அந்தப் பெயராலும் குறித்தார்கள்.

ஒரு நூல் தன் மொழிபெயர்ப்பாளரை எப்படி இழந்தது, எதைக் கொண்டு மீட்டது என்பதே இந்த ஆய்வின் பொருள். அதற்கு எக்விதிமேயின் வாழ்க்கையையும், அவர் மொழிபெயர்த்த விதத்தையும் முதலில் பார்க்க வேண்டும். ஏனென்றால் அவர் எப்படி மொழிபெயர்த்தார் என்பதிலேயே, அவர் பெயர் ஏன் மறைந்தது என்பதற்கான விடையும் இருக்கிறது.

பிணைப்பிள்ளை

எக்விதிமே ஏறக்குறைய 955இல் பிறந்தார். ஊர், தாவோ. இன்றைய துருக்கியின் வடகிழக்கில், மலைகளுக்கு நடுவே இருந்த ஜார்ஜியச் சிற்றரசு அது. அதை ஆண்ட அரசர் தாவித்; பைசாந்தியப் பேரரசு தந்த 'குராபாலதேஸ்' என்ற பட்டத்தோடு சேர்த்தே வரலாறு அவரை அழைக்கிறது. எக்விதிமேயின் தந்தை இயோவானே, தாவித்தின் அவையில் மதிப்பு மிக்க பிரபு. ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மனைவியையும் மக்களையும் பிரிந்து, ஒத்க்தா எக்லேசியா என்ற மடத்தில் துறவியானார். அங்கும் புகழ் துரத்தியதால், பேரரசின் எல்லைக்குள் இருந்த பித்தினியாவின் ஒலிம்பஸ் மலைக்கு ஓடினார்.

அந்தச் சமயத்தில்தான் தாவோ பிரபுக்களின் பிள்ளைகளைப் பேரரசர் பிணையாகக் கேட்டார். விசுவாசத்துக்கு உத்தரவாதமாகக் குழந்தைகளைத் தலைநகரில் வைத்துக்கொள்வது அக்கால வழக்கம். அப்படி அனுப்பப்பட்டவர்களில் எக்விதிமேயும் ஒருவர். தாய்வழிப் பாட்டனார் அபுகர்ப் உடன் சென்றார். செய்தி கேட்ட இயோவானே மலையிலிருந்து இறங்கி வந்து, மகனைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டார். பாட்டனாருக்கும் தந்தைக்கும் வழக்காகி, இறுதியில் தந்தை பக்கம் தீர்ப்பாயிற்று. சிறுவன் தந்தையோடு துறவு வழியில் நடந்தான்.

பிணையாகப் போனதில் எக்விதிமேக்குக் கிடைத்தது கிரேக்கம். இழந்தது தாய்மொழி. அவருடைய வரலாற்றை எழுதிய கியோர்கி, இந்த இழப்பை மறைக்கவில்லை. சிறுவன் கடும் நோயில் விழுந்து, பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தான். தந்தை கோயிலில் மரியன்னையின் படத்தின் முன் விழுந்து அழுதுவிட்டுத் திரும்பினால், அறை முழுவதும் நறுமணம்; மகன் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். ஓர் அரசி வந்து தன்னிடம் ஜார்ஜிய மொழியில் பேசியதாகவும், பயப்படாமல் ஜார்ஜியம் பேசு என்று கைப்பிடித்து எழுப்பியதாகவும் சொல்கிறான். அதற்கு முன் ஜார்ஜியம் அவனுக்குத் தடுமாற்றமாக வந்தது; அன்றிலிருந்து ஊற்றுநீர் போல ஓயாமல் பெருகியது என்று தந்தை சொன்னதாகக் கியோர்கி பதிவுசெய்கிறார்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இந்தக் கதைக்குள் ஒரு வாழ்க்கைச் செய்தி இருக்கிறது. எக்விதிமே இரு மொழிகளுக்குள்ளும் ஒரே நேரத்தில் பிறந்தவர் அல்லர். அயல்மொழியில் வளர்ந்து, தாய்மொழியைப் பின்னால் வந்து பெற்றுக்கொண்டவர். பிற்காலத்தில் இரு திசைகளிலும் மொழிபெயர்க்க அவரால் முடிந்ததற்கு இந்த இளமைதான் அடித்தளம். அக்கால மொழிபெயர்ப்பாளர்களில் பெரும்பாலோர் கற்ற மொழியிலிருந்து தாய்மொழிக்குத்தான் வந்தார்கள். தாய்மொழியிலிருந்து கிரேக்கத்துக்குப் போனவர்கள் மிகச் சிலர்.

போர்க்களத்திலிருந்து வந்த பொன்

தந்தையும் மகனும் ஒலிம்பஸிலிருந்து அதோஸ் மலைக்கு வந்தார்கள். புனித அத்தனாசியோஸ் 963இல் நிறுவிய பெரிய லாவ்ரா மடத்தில் இயோவானே தாம் யாரென்று சொல்லாமல் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் சமையல் வேலை பார்த்தார். பிறகு உறவினரும் புகழ்பெற்ற தளபதியுமான தோர்னிகே துறவியாகி அங்கே வந்து சேர, மறைப்பு கலைந்துவிட்டது.

976இல் பர்தாஸ் ஸ்க்லேரோஸ் என்ற தளபதி பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். அரியணையில் இருந்த இரண்டாம் பாசிலும் அவர் தம்பி கான்ஸ்டான்டைனும் இளைஞர்கள். ஆசியப் பகுதி கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. தாவித் குராபாலதேஸிடம் படை கேட்க வேண்டும், அதற்குத் தோர்னிகேதான் தகுந்தவர் என்று அரண்மனை முடிவெடுத்தது. வயதான துறவி தயங்கினார். மடத்துப் பெரியவர்கள் வற்புறுத்தினார்கள். துறவாடையைக் களைந்து, தாவோவுக்குப் போய், 12,000 குதிரைவீரர்களோடு வந்தார். 979 மார்ச் 24இல் பான்காலேயாவில் கிளர்ச்சிப்படை உடைந்தது.

வெற்றியின் பங்காகத் தோர்னிகே கொண்டுவந்த பொன்னும், பேரரசர் தந்த நிலங்களும் சேர்ந்து அதோஸ் மலையில் ஜார்ஜியர்களுக்கென்று ஒரு மடத்தை உருவாக்கின. அதுதான் இவிரோன், 'இபேரியர்களின் மடம்' என்று பொருள்; ஜார்ஜியர்களைக் கிரேக்கர்கள் இபேரியர்கள் என்றும் அழைத்தார்கள். 980ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. எக்விதிமேயின் மொழிபெயர்ப்புகளுக்குத் தேவையான தோல்தாள், எழுத்தர்கள், சோறு, கூரை எல்லாவற்றுக்கும் பணம் இங்கிருந்து வந்தது. மொழிபெயர்ப்பு வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பொருளாதாரத்தை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம். ஒரு தனிமனிதரின் பக்தி மட்டும் ஒரு மொழியின் நூலகத்தைக் கட்டிவிடாது.

984இல் தோர்னிகே இறந்தார். இயோவானே மனமுடைந்து, மகனையும் சில சீடர்களையும் கூட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கேயும் 'இபேரியர்கள்' வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். பெயர் ஒற்றுமையை நம்பி, தம் இனத்தார் என்றே எண்ணியிருந்தார். அபிதோஸ் துறைமுகத்தில் ஆளுநர் அவர்களைத் தடுத்து, தலைநகருக்குத் தகவல் அனுப்ப, அரசர்கள் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆளுநர் மட்டும் கவனமில்லாமல் இருந்திருந்தால் ஜார்ஜிய இலக்கியத்தின் போக்கே மாறியிருக்கும்.

இரவில் நடந்த வேலை

மகனை மொழிபெயர்ப்பில் இறக்கியவர் இயோவானேதான். நம் நாட்டில் நூல்கள் மிகவும் குறைவு, உனக்குக் கிடைத்த வரத்தைக் கொண்டு அந்தக் குறையைத் தீர்க்க முயற்சி செய் என்பது தந்தையின் வேண்டுகோள். எக்விதிமே சில பகுதிகளைப் பெயர்த்து, தாவித் குராபாலதேஸுக்கு அனுப்பினார். படித்துப் பார்த்த தாவித் பெருமகிழ்ச்சி அடைந்து, இன்னும் அனுப்புங்கள் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்.

முதல் பெரும் சாட்சி 978இல் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதி. புதிய ஏற்பாட்டின் கடைசி நூலான திருவெளிப்பாடு, செசரியாவின் அந்திரேயா எழுதிய உரையோடு, அதில் ஜார்ஜியத்தில் இருக்கிறது. அதுவரை ஜார்ஜியர்களுக்கு அந்த நூல் தங்கள் மொழியில் இல்லை. மொழிபெயர்த்த எக்விதிமேக்கு அப்போது இருபத்து மூன்று வயது இருக்கும். விவிலியத்தின் மிகச் சிக்கலான நூலைத் தொட்டு, அதையும் உரையோடு கொண்டுவந்திருக்கிறார்; உரை இல்லாமல் கொடுத்தால் வாசகர் தடுமாறுவார் என்ற கவலை அந்த வயதிலேயே இருந்திருக்கிறது.

பிறகு வந்தவற்றைக் கியோர்கி நீளமாகப் பட்டியலிடுகிறார். யோவான் கிறிசோஸ்தோமின் மத்தேயு, யோவான் நற்செய்தி உரைகள். பெரிய பாசிலின் துறவற நூல்கள். நசியான்சுவின் கிரகோரியின் உரைகள். யோவான் கிளிமாகுஸின் 'ஏணி'. போப் முதலாம் கிரகோரியின் 'உரையாடல்கள்' லத்தீனிலிருந்து கிரேக்கத்துக்கு வந்து, அங்கிருந்து எக்விதிமே வழியாக ஜார்ஜியத்துக்கு வந்தது. மாக்சிமுஸ் எழுதியதாகச் சொல்லப்படும் மரியன்னையின் வரலாறு ஒன்று உண்டு. ஆசிரியர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதன் கிரேக்க மூலம் கிடைக்கவில்லை. முழு நூலாக இன்று நம் கையில் இருப்பது எக்விதிமேயின் ஜார்ஜியப் பிரதி மட்டுமே.

இதெல்லாம் ஓய்ந்திருந்து செய்த வேலை அன்று. இயோவானே நோயில் படுத்த பிறகு மடத்துப் பொறுப்பு மெல்ல மகன் தோளுக்கு வந்தது. 1005இல் தந்தை இறந்ததும் அவரே மடாதிபதி ஆனார். நிலம், விளைச்சல், துறவிகளுக்கிடையேயான சச்சரவு, அரண்மனைக் கடிதம் என்று பகல் கரைந்துவிடும். ஆகவே பெரும்பாலான மொழிபெயர்ப்புகளை இரவில், விளக்கு வெளிச்சத்தில் செய்தார் என்று கியோர்கி சொல்கிறார். சைப்ரஸின் பேராயர் பதவியைப் பேரரசர் தர முன்வந்தபோது மறுத்தார். 1019இல் மடாதிபதிப் பொறுப்பையும் துறந்தார். எழுத்துக்குத் தடையாக இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிய மனிதர்.

சுருக்கமும் சேர்க்கையும்

எக்விதிமேயின் மொழிபெயர்ப்புகளை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டால், அவை பொருந்துவதில்லை. சில இடங்களைச் சுருக்கினார், சில இடங்களைக் கூட்டினார், பல நூல்களிலிருந்து எடுத்து ஒரே நூலாகத் தொகுத்தார். திருச்சபைச் சட்டங்களைக் கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்தபோதும், ஜார்ஜியத் திருச்சபைக்கு எது தேவையோ அதைத் தேர்ந்து, விளக்கி, 'சிறிய சட்டத்தொகை' என்ற வடிவில் கொடுத்தார். அவருடைய வாசகர்கள் தாவோவிலும் ஜார்ஜியாவின் கார்த்லிப் பகுதியிலும் இருந்த பாதிரிமார்களும் துறவிகளும். கிரேக்க இறையியலின் நூறாண்டு விவாதங்கள் அவர்களுக்குப் பழக்கமில்லை. அவர்களை மனத்தில் நிறுத்தி எழுதினார்.

அடுத்த தலைமுறையில் அந்தியோக்கியாவுக்கு அருகே கருமலையில் இருந்த எப்ரேம் மிசிரே என்ற துறவி, கிரேக்கச் சொல்லுக்குச் சொல் நெருங்கி நிற்கும் புதிய முறையைக் கொண்டுவந்தார். எக்விதிமே செய்தவற்றையே திரும்பச் செய்ய வேண்டிய நிலை வந்தபோது அவருக்குத் தயக்கம். பெரியவரைத் திருத்துவதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று தம் முன்னுரைகளில் விளக்கம் எழுதினார்: எக்விதிமேயின் காலத்தில் நம் மக்கள் கல்வியில் குழந்தைகளாக இருந்தார்கள், குழந்தைக்குப் பாலூட்டுவதுதான் முறை, கூட்டவும் குறைக்கவும் அவருக்கு அருள் இருந்தது, நமக்கு இல்லை. இந்த வரிகளில் மரியாதை இருக்கிறது. ஒரு முறை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்ற தெளிவும் இருக்கிறது.

எப்ரேமின் விளக்கத்தில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. சுருக்கலும் கூட்டலும் வாசகரின் அறியாமைக்காகச் செய்யப்பட்ட சலுகை என்ற தொனி அதில் இருக்கிறது. கிரேக்க வாசகர்களுக்காக எழுதியபோதும் எக்விதிமே அதையேதான் செய்தார். அவர்கள் அக்காலத்தின் மிகப் படித்த வாசகர்கள். அதற்குச் சான்று பலவரியானி.

யானை போய் ஒற்றைக்கொம்பு விலங்கு வந்தது

புத்தரின் வரலாறு மத்திய ஆசியா வழியாக மேற்கே நகர்ந்து, அரபியில் 'பிலவ்ஹரும் பூதாசபும்' என்ற நூலானது. போதிசத்துவர் என்ற சொல் பூதாசப் என்றும், பின் யூதாசப் என்றும் ஆயிற்று. பாக்தாத் பகுதியில் புழங்கிய அந்த அரபு நூல் கிறித்தவ நூல் அன்று. ஒன்பதாம் அல்லது பத்தாம் நூற்றாண்டில் ஒரு ஜார்ஜியத் துறவி, பெரும்பாலும் பாலஸ்தீனத்தில் இருந்தவர், அதை ஜார்ஜியத்தில் பெயர்த்துக் கிறித்தவக் கதையாக்கினார். அதுதான் பலவரியானி. இந்தியாவின் அரசன் அபெனேஸ். நீண்ட தவிப்புக்குப் பின் பிறந்த மகன் இயோதாசப். பிள்ளை துறவியாவான் என்று சோதிடர் சொல்ல, அரசன் துன்பத்தின் நிழலே படாத மாளிகையில் அவனை வளர்க்கிறான். வெளியே வந்த நாளில் நோயாளியையும் முதியவரையும் காண்கிறான். வணிகர் வேடத்தில் பலஹ்வர் என்ற துறவி வந்து கதைகளாகவே சொல்லி அவன் மனத்தைத் திருப்புகிறார்.

எக்விதிமே இதைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனபோது 'பர்லாமும் இயோவாசாபும்' பிறந்தது. ஒரு கதையை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். துரத்தும் விலங்குக்கு அஞ்சி ஓடும் ஒருவன் பள்ளத்தில் விழுகிறான். விழும்போதே ஒரு கிளையைப் பற்றிக்கொள்கிறான். கீழே வாய் பிளந்த பெரும்பாம்பு. பக்கச்சுவரில் நான்கு பாம்புகளின் தலைகள். பற்றிய மரத்தின் வேரை வெள்ளெலி ஒன்றும் கரிய எலி ஒன்றும் மாறி மாறிக் கடிக்கின்றன. அந்த நிலையில் கிளையிலிருந்து சொட்டும் தேனைக் கண்டு, எல்லாவற்றையும் மறந்து நக்குகிறான்.

இந்தக் கதை நமக்குப் புதிதன்று. மகாபாரதத்தின் ஸ்திரீ பர்வத்தில் விதுரர் இதைத் திருதராட்டிரனுக்குச் சொல்கிறார். சமணர்களும் எடுத்தாண்டார்கள். தமிழில் சூளாமணி நான்கே அடிகளில் இதைச் சொல்லி முடிக்கிறது: யானை துரத்த, பாம்பு உறையும் ஆழ்குழியில் தொங்குபவன் தேன்துளியை நக்குவது போன்றதே மானுட இன்பம். ஜார்ஜியப் பிரதியிலும் துரத்துவது யானைதான். கிரேக்கப் பிரதியில் யானை போய்விட்டது. ஒற்றைக்கொம்பு விலங்கு வந்துவிட்டது. மரணத்தைச் சுட்ட, கிரேக்க விவிலியத்தில் வாசகர்கள் ஏற்கெனவே கண்டு அஞ்சிய ஒரு விலங்கு. தாவோ வாசகருக்கு ஒரு விலங்கு, கான்ஸ்டாண்டிநோபிள் வாசகருக்கு வேறு விலங்கு. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. கேட்பவரின் நெஞ்சில் எது உடனே போய்த் தைக்கும் என்ற கணக்குத்தான்.

மாற்றம் ஒரு விலங்கோடு நிற்கவில்லை. கிரேக்க நூல் ஜார்ஜிய மூலத்தைவிட மிகவும் பருத்தது. விவிலிய வரிகள், திருச்சபைத் தந்தையரின் பகுதிகள், நல்லாட்சி பற்றி ஆறாம் நூற்றாண்டின் அகபேதோஸ் எழுதிய அறிவுரைகள் எல்லாம் உள்ளே வந்தன. நகோர் என்பவன் அரசவையில் கிறித்தவத்தை ஆதரித்துப் பேச வேண்டிய இடம் வந்தபோது, இரண்டாம் நூற்றாண்டில் அரிஸ்திதேஸ் என்ற தத்துவஞானி எழுதிய வாதநூலை ஏறக்குறைய முழுமையாக எடுத்து அவன் வாயில் வைத்துவிட்டார்கள். அரிஸ்திதேஸின் நூல் பிற்காலத்தில் தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1889இல் சினாய் மலை மடத்தில் அதன் சிரியாக் மொழிபெயர்ப்பு கிடைத்தது. ரெண்டல் ஹாரிஸ் அதைப் பதிப்பிக்கும்போது, ஆர்மிடேஜ் ராபின்சன் படித்துப் பார்த்து, இந்தப் பேச்சை நான் வேறெங்கோ படித்திருக்கிறேனே என்று கண்டுபிடித்தார். அத்தனை நூற்றாண்டுகளும் அந்தக் கிரேக்க மூலம் நகோரின் பேச்சாக எல்லோர் கண்முன்னும் இருந்திருக்கிறது.

பெயர் எப்படித் தொலைந்தது

கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளின் தலைப்பில், இந்த நன்னெறிக் கதையை இந்தியா எனப்படும் நாட்டிலிருந்து புனித நகரமான எருசலேமுக்குக் கொண்டுவந்தவர் புனித சபாஸ் மடத்துத் துறவி யோவான் என்று இருக்கிறது. சபாஸ் மடம், யோவான் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தால் பைசாந்தியக் காதுக்கு டமாஸ்கஸ் யோவான் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். போதாக்குறைக்கு, நூலுக்குள் டமாஸ்கஸ் யோவானின் இறையியல் பகுதிகள் அப்படியே இருக்கின்றன. கையெழுத்துப் பிரதிகளைப் படியெடுத்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். சில பிரதிகள் எக்விதிமே ஜார்ஜியத்திலிருந்து பெயர்த்தார் என்ற குறிப்பைத் தாங்கியிருந்தும், பெரிய பெயரின் வெளிச்சத்தில் அது கண்ணில் படவில்லை.

ஆக, வாசகருக்காகச் செழுமைப்படுத்திய அந்தச் சேர்க்கைகளே அவருக்கு எதிரான சாட்சியங்கள் ஆயின. கிரேக்க நூல் கிரேக்கமாகவே ஒலித்தது. ஓர் அயலார் கைபட்டது என்ற தடயம் அதில் இல்லை. திறமை கூடக்கூட மொழிபெயர்ப்பாளர் கண்ணுக்குத் தெரியாமல் போவது எல்லா மொழிகளிலும் நடக்கிறது. இங்கே அது ஒன்பது நூற்றாண்டுகள் நீடித்தது.

டமாஸ்கஸ் யோவானுக்கு ஆதரவான வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 1953இல்கூட, பைசாந்திய ஆய்வின் பெரும் அறிஞரான பிரான்ஸ் டோல்கர் ஒரு முழு நூல் எழுதி அதை நிலைநாட்ட முயன்றார். நடை ஒற்றுமை, கருத்தொற்றுமை, தலைப்புகள் என்று அடுக்கினார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவை வேறு வகைச் சான்றுகள். முதலாவது, 1048இன் லத்தீன் முன்னுரை. 1931இல் பால் பேட்டர்ஸ் என்ற இயேசு சபை அறிஞர் அதன் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டினார். இந்திய மொழியிலிருந்து பெயர்த்ததாக அந்த முன்னுரை சொல்வது பிழைதான்; ஆளைச் சொன்னதில் பிழையில்லை. இரண்டாவது, எக்விதிமேயின் வரலாறு. பலஹ்வரின் கதையை அவர் ஜார்ஜியத்திலிருந்து கிரேக்கத்துக்குக் கொண்டுபோனதாகக் கியோர்கி ஒரே வரியில் சொல்லிச் செல்கிறார். பெருமைக்காகப் புனைந்திருந்தால் ஒரு வரியோடு விட்டிருக்க மாட்டார். மூன்றாவது, எருசலேமின் கிரேக்கத் திருச்சபை நூலகத்திலிருந்த பதினோராம் நூற்றாண்டு ஜார்ஜியப் பிரதி. பலவரியானியின் நீண்ட வடிவம் அதில் இருந்தது. 1957இல் இலியா அபுலாட்சே அதைப் பதிப்பித்ததும், கிரேக்க நூலுக்கு நேர்மூலம் இதுதான் என்று காட்ட முடிந்தது. அதற்கு முன்பு கிடைத்த குறுகிய வடிவத்தை வைத்து இந்த வாதம் முழுமை பெறவில்லை.

கடைசிப் பூட்டை உடைத்தவர் ராபர்ட் வோல்க். கிரேக்க நூலின் செம்பதிப்பை 2006இலும் 2009இலும் வெளியிட்ட அவர், அதன் வரிகளுக்குள் பத்தாம் நூற்றாண்டின் சிமியோன் மெதாபிராஸ்தேஸ் எழுதிய புனிதர் வரலாறுகளின் பகுதிகள் இருப்பதைக் காட்டினார். எட்டாம் நூற்றாண்டில் இறந்த ஒருவர், இருநூறு ஆண்டுக்குப் பின் எழுதப்பட்டதை எடுத்தாள முடியாது. டமாஸ்கஸ் யோவானின் வரிகள் நூலில் இருப்பதும் இதே வகையில் விளங்கிவிடுகிறது. எக்விதிமே அவரை ஊன்றிப் படித்தவர், ஜார்ஜியத்தில் பெயர்த்தவர். அவர் கையில் இருந்ததைத்தான் எடுத்துச் சேர்த்திருக்கிறார். ஒருவரை மேற்கோள் காட்டியதற்காக நூலே அவருடையது ஆகிவிடாது.

பெயரில்லாமல் போன தூரம்

லத்தீனிலிருந்து பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் என்று கதை பரவியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நார்வேயின் இளவரசர் ஹாகோன் காலத்தில் நார்ஸ் மொழிக்குப் போனது. பார்மா நகரின் ஞானஸ்நானக் கோயில் வாயில் ஒன்றில், மரத்தைப் பற்றித் தேன் உண்பவனையும் வேரைக் கடிக்கும் விலங்குகளையும் சிற்பமாக இன்றும் பார்க்கலாம். பெட்டிகளில் எதைத் தேர்வது என்ற பர்லாமின் உவமைக் கதை பல கைகள் மாறி, ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் பெட்டி தேர்வுக் காட்சியாக வந்தது. டால்ஸ்டாய் தம் வாழ்க்கையின் பொருளைத் தேடித் தவித்த நாட்களைச் சொல்லும்போது, கிணற்றில் தொங்குபவனின் கதையைக் கிழக்கத்தியப் பழங்கதை என்று எடுத்துச் சொன்னார்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் பர்லாமும், மேற்கே ஜோசபாத் என்றான இயோவாசாபும் நவம்பர் 27இல் இடம்பெற்றார்கள். 1571இல் வெனிஸின் ஆட்சித்தலைவர், புனித ஜோசபாத்தின் எலும்பு என்று ஒன்றைப் போர்த்துகல் அரசர் செபாஸ்தியானுக்குப் பரிசளித்தார். அது பின்னர் ஆண்ட்வெர்ப் நகரைச் சேர்ந்தது. 1591இல் ஜப்பானில் இயேசு சபையார் அச்சிட்ட புனிதர் கதைத் தொகுப்பிலும் இந்தக் கதை இருக்கிறது. புத்தரை நன்கறிந்த நாட்டுக்குப் புத்தரின் கதை கிறித்தவ உடையில் வந்து சேர்ந்தது.

உண்மையை முதலில் நெருங்கியவர்களில் இலங்கைக்கும் பங்கு உண்டு. சிவனொளிபாத மலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில்தான் மார்க்கோ போலோ சாக்கியமுனி எனப்படும் புத்தரின் கதையை விரிவாகச் சொல்கிறார். புத்தர் கிறித்தவராக இருந்திருந்தால் பெரும் புனிதராகி இருப்பார் என்கிறார். 1446இல் அந்த நூலைப் படியெடுத்த ஒருவர், இது ஜோசபாத்தின் கதை போலவே இருக்கிறதே என்று குறித்துவைத்தார். கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோவும் இந்த ஒற்றுமையைக் கவனித்தார். 1859இலும் 1860இலும் லாபுலே, லீப்ரெக்ட் என்ற ஐரோப்பிய அறிஞர்கள் ஜோசபாத் புத்தரே என்று முறையாக நிறுவினார்கள். கதையின் நாயகர் யார் என்பது அன்றே துலங்கிவிட்டது. கிரேக்கத்தில் சொன்னவர் யார் என்பதற்கு மேலும் நூறு ஆண்டுகளுக்குமேல் பிடித்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். மேற்கே எக்விதிமேயைத் தேடுபவர்கள் இந்த ஒரு நூலோடு நின்றுவிடுகிறார்கள். ஜார்ஜியர்களுக்கு அவர் வேறு ஆள். 1000இல் தாவித் இறந்து, தாவோ பேரரசின் கைக்குப் போன பிறகும், அந்த மண்ணின் மொழி அறுந்துபோகாமல் இருந்ததற்கு அவர் நடத்திய எழுத்துக்கூடம் ஒரு பெருங்காரணம். அவருக்குப் பின் இவிரோனின் மடாதிபதியாக வந்த கியோர்கி (1009–1065) அவருடைய வரலாற்றை எழுதியதோடு, விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பையும் தொடர்ந்தார். அவர் திருத்திய நற்செய்திகளையே ஜார்ஜியத் திருச்சபை நிலையான பாடமாக ஏற்றது. எப்ரேம் அதற்கு அடுத்த படி. மூவரும் ஒரே ஏணியின் படிகள். முதல் படி இல்லாமல் மற்ற இரண்டும் இல்லை.

முடிவும் அதன் பிறகும்

மடத்துத் தகராறு ஒன்றுக்காகப் பேரரசர் எட்டாம் கான்ஸ்டான்டைன் அழைத்ததால் எக்விதிமே தலைநகருக்குப் போயிருந்தார். கோவேறு கழுதையில் தெருவில் சென்றபோது, கந்தல் உடுத்த ஏழை ஒருவர் பிச்சை கேட்டார். எக்விதிமே கொடுக்கத் திரும்ப, கழுதை மிரண்டு அவரைக் கீழே தள்ளியது. அந்தக் காயத்தால் 1028 மே 13இல் இறந்தார். உடல் இவிரோனுக்குக் கொண்டுவரப்பட்டது. மே 13 இன்றும் அவர் திருநாள்.

இவிரோனில் காலப்போக்கில் கிரேக்கத் துறவிகள் பெரும்பான்மை ஆனார்கள். பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் தலைமையும் அவர்களிடம் போனது. ஜார்ஜியக் கையெழுத்துப் பிரதிகள் எண்பதுக்கும் மேற்பட்டவை அந்த நூலகத்தில் இருக்கின்றன. தோர்னிகேக்காக 978இல் ஒஷ்கி மடத்தில் எழுதப்பட்ட விவிலியமும் அவற்றில் ஒன்று.

இனி செய்ய வேண்டியது எளிய வேலைதான், ஆனால் யாரும் அவசரப்படவில்லை. கிரேக்க, லத்தீன் நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிடும் பிரபலமான லோயப் வரிசையின் 1914ஆம் ஆண்டுப் பதிப்பு டமாஸ்கஸ் யோவானின் பெயரோடு வெளிவந்தது. எண்ணற்ற நூலகங்கள் அதைப் பார்த்தே பட்டியலிட்டன, இணையப் பிரதிகளும் அதையே திரும்பச் சொல்கின்றன. எக்விதிமேயின் உரிமையை நிலைநாட்டிய வோல்க்கின் செம்பதிப்புகூட 'டமாஸ்கஸ் யோவானின் எழுத்துகள்' என்ற வரிசையின் ஆறாம் தொகுதியாக, 'அவருடையது அல்லாதவை' என்ற குறிப்போடுதான் வந்திருக்கிறது. வரிசை பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதால் பதிப்பகத்தின் நிலை புரிகிறது. பட்டியல்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. அடுத்த முறை 'பர்லாமும் இயோவாசாபும்' எந்த மொழியில் அச்சேறினாலும், தமிழில் என்றாலும், அட்டையில் எக்விதிமேயின் பெயர் இருக்க வேண்டும்.